ஆபரேட்டர் அக்காவின் நோட்டும் எங்கள் புதிய தொலைபேசி அமைப்பும்

அலுவலகத்தின் உள் தொலைபேசிகளை இணைத்து வைத்திருந்த பழைய பிபிஎக்ஸ் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியது ஒரு சனிக்கிழமை மாலை. 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பெட்டி அது. பின்பக்கம் கொத்துக் கொத்தாக வந்த செப்புக் கம்பிகளில் யாரோ பேனாவால் எழுதிச் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தார்கள்: ‘ஸ்டோர்’, ‘டிசைன் 2’, ‘கேட்’. அவற்றையெல்லாம் பிய்த்துப் போட்டேன். திங்கட்கிழமை முதல் தொலைபேசி, சாட், வீடியோ மீட்டிங், ஃபைல் பகிர்வு நான்கும் ஒரே மென்பொருளில் வந்துவிடும் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போனேன்.

நான் வேலை பார்ப்பது இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில், கணினிப் பிரிவில். சுமார் 140 பேர், இரண்டு ஷிஃப்ட், வேறோர் ஊரில் ஒரு கிளை. மேசைத் தொலைபேசி ஒன்று, ஆளுக்கொரு கைபேசி, மின்னஞ்சல், டிசைன் பிரிவுக்கு ஒரு சாட் செயலி, விற்பனைப் பிரிவுக்கு வேறொன்று, வீடியோ மீட்டிங்குக்குத் தனியாக ஒரு சேவை என்று எங்கள் பேச்செல்லாம் சிதறிக் கிடந்தது. ஒரே வாடிக்கையாளர் ஒரே புகாரை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஸ்லாக் 2013-லும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 2017-லும் வந்த பிறகு, பேச்சும் எழுத்தும் ஒரே இடத்தில் இருப்பது பல அலுவலகங்களில் சாதாரணமாகிவிட்டது. நாங்கள் அந்த வழிக்கு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். முடிவு சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். அதைச் செய்த விதத்தில்தான் தவறுகள் இருந்தன.

திங்கட்கிழமை காலை 9:10-க்கு முதல் புகார் வந்தது. வெளியிலிருந்து வரும் சில அழைப்புகளில், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. மணி அடிக்கிறது, எடுக்க முடிகிறது, நிமிடக் கணக்கும் ஓடுகிறது, ஆனால் மறுமுனையில் ஒரே அமைதி. இணையத் தொலைபேசிக்கு மாறும் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் கல் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகைத் தொலைபேசியில் ஒரு அழைப்பு இரண்டு பாதைகளில் போகிறது. ‘யார் யாரை அழைக்கிறார், எடுத்தாரா, வைத்தாரா’ என்ற சேதி ஒரு பாதை. அதற்கான நெறிமுறைதான் எஸ்ஐபி. இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002-ல் ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. குரல் போவது வேறு பாதை, அது ஆர்டிபி. முதல் பாதையில் போகும் சேதிக்குள்ளேயே ‘என் குரலை வாங்கும் முகவரி இது’ என்று ஒரு விலாசம் எழுதப்பட்டிருக்கும். அலுவலக வலையமைப்புக்குள் இருக்கும் கருவி தன் உள்விலாசத்தை எழுதி அனுப்பிவிட்டால், வெளியில் இருப்பவர் அந்த விலாசத்துக்குக் குரலை அனுப்புவார். அப்படி ஒரு வீடு வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாது. அதனால் குரல் எங்கோ போய்த் தொலையும்.

இதைச் சரிசெய்வதற்கென்றே பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கிறது. சேதிக்குள் இருக்கும் விலாசத்தை அது திருத்தி எழுதும். சேவை வழங்குநரின் பக்கத்திலும் அதே திருத்தத்துக்கு ஏற்பாடு இருந்தால், இரண்டு பேர் ஒரே கடிதத்தில் மாற்றி மாற்றி அடித்துத் திருத்திய கதையாகிவிடும். எங்கள் ரவுட்டரில் அது இயங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன், குரல் வந்தது. ஒரே ஒரு டிக் அடையாளம். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. நீங்கள் மாறப்போகிறீர்கள் என்றால், முதல் நாளுக்கு முன்பே அந்த ஒரு இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு தொல்லை. தினமும் காலை 11 மணி வாக்கில் எங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்பதாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். இணைய வேகத்தைச் சோதித்தால் எப்போதும் நன்றாகவே காட்டியது. நான் சோதித்ததெல்லாம் மதியம். பிறகுதான் பிடிபட்டது: டிசைன் பிரிவின் வரைபடங்களை வெளிச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் வேலை தினமும் 11 மணிக்குத் தொடங்கும்படி நானே எப்போதோ அமைத்திருந்தேன்.

குரலுக்கு நிறைய வேகம் தேவையில்லை. ஜி.711 என்ற பழைய, எங்கும் ஏற்கப்படும் முறையில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். விலாச உறைகளையும் சேர்த்தால் 80-ஐத் தாண்டும். இன்றைய இணைப்புகளுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் குரல் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாக, நொடிக்கு 50 பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபைல் ஏறும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். குரலில் அது ஆகாது. தாமதமாக வந்த அசை வராத அசைதான். வரைபடங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் குரல் வரிசையில் காத்துக் கிடந்தது. ஏற்றும் வேலையை நள்ளிரவுக்கு மாற்றினேன். அலுவலகக் கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் ஸ்விட்ச்சிலும் ரவுட்டரிலும் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுத்தேன் (அதற்கான அடையாள எண் டிஎஸ்சிபி 46). எங்கள் வாசலைத் தாண்டி இணையத்துக்குள் போனபின் அந்த அடையாளத்தை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நெரிசல் எங்கள் வாசலில்தானே இருந்தது, அதனால் தீர்ந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் கதை வேறு. அவர்கள் பேசினால் எதிராளி கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்வார், அதற்குள் இவர்கள் மறுபடி பேசத் தொடங்குவார்கள், இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை சொல்லும் கணக்கு. எங்கள் ஆட்களின் குரல் வீட்டிலிருந்து விபிஎன் (வீட்டுக் கணினியை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான பாதை) வழியாக அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி வெளியே போய்க்கொண்டிருந்தது. தேவையே இல்லாத சுற்று. குரலையும் வீடியோவையும் அந்தச் சேவை ஏற்கெனவே மறைகுறியாக்கித்தான் அனுப்புகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, அவற்றை மட்டும் விபிஎன்-னுக்கு வெளியே நேராகப் போகவிட்டேன். மோதல் நின்றது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொலைபேசிகளுக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் பேட்டரி இருந்ததால் கட்டடம் இருண்டாலும் தொலைபேசி உயிரோடு இருக்கும். புதியவை ஸ்விட்ச் வழியாக மின்சாரம் எடுக்கின்றன. ஸ்விட்ச் அணைந்தால் அத்தனையும் செத்துவிடும். யுபிஎஸ்-ஐ சர்வருக்கு மட்டும் போட்டிருந்தோம், ஸ்விட்ச்சுக்குப் போடவில்லை. முதல் மின்தடையிலேயே தெரிந்துவிட்டது. ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய கேட்டிலும் முதலுதவி அறையிலும் இதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

இதெல்லாம் கருவிகளின் பாடு. மூன்று வாரத்தில் ஓய்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் உண்மையான சிக்கல் தலைகாட்டியது.

எங்களிடம் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. புதிய அமைப்பில் ‘விற்பனைக்கு 1, சேவைக்கு 2’ என்று சொல்லும் தானியங்கிக் குரல் இருந்ததால், அவரை வரவேற்பு மேசையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அழைப்புப் பதிவுகளைப் பார்த்தேன். ‘2’ அழுத்தியவர்களில் பலர் யாரும் எடுக்காமல் வைத்துவிட்டு, மறுபடி அழைத்து ‘1’ அழுத்தியிருந்தார்கள். சிலர் மூன்று முறை. நேராக அக்காவிடமே போய்க் கேட்டேன்.

“தம்பி, எந்த எக்ஸ்டென்ஷன் யாருடையதுன்னு உங்கிட்ட இருக்கு. யார்கிட்ட எதைக் கேட்கணும்னு எங்க எழுதி வச்சிருக்க?” என்றார்.

மேசை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பல வண்ணப் பேனாக்களில் பல வருடக் குறிப்புகள். ‘வால்வு பற்றிக் கேட்டால் சேவைப் பிரிவு வேண்டாம், ஸ்டோர் அண்ணனுக்குப் போடு.’ ‘இவர் போன் எடுக்க மாட்டார், மெயில் போட்டால் 10 நிமிடத்தில் பதில் வரும்.’ ‘காலை 10 வரை கீழே மெஷின் பக்கம் இருப்பார், சீட்டில் தேடாதே.’ ‘இந்த கம்பெனிக்காரர் கோபமாகப் பேசுவார், நேராக மேனேஜருக்குக் கொடு.’ ‘இவர் லீவில் போனால் அவருடைய வேலை யாருக்குத் தெரியும்?’ என்று ஒரு தனிப் பக்கமே இருந்தது.

அந்த நோட்டைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. தொலைபேசி, மின்னஞ்சல், நேரில் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்தவர் இத்தனை வருடமாக எங்கள் நடுவிலேயே இருந்திருக்கிறார். அதை நான் ஒரு செலவுக் கணக்காகப் பார்த்து ஓரமாக நகர்த்தியிருக்கிறேன்.

இரண்டு வாரம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழைப்பு வந்தால் அவர் என்ன கேட்கிறார், எங்கே அனுப்புகிறார், அங்கே எடுக்காவிட்டால் அடுத்து எங்கே என்று எழுதிக்கொண்டேன். அமைப்புக் கோப்பில் துறை வாரியாக இருந்த அழைப்புக் குழுக்களைக் கலைத்துவிட்டு, கேள்வி வாரியாக மாற்றினோம். ‘பாகம் எப்போது வரும்’ என்று கேட்பவருக்கு ஒரு குழு. அதில் விற்பனையில் இருவர், அனுப்புதலில் ஒருவர். நான்கு முறை மணியடித்தும் யாரும் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு, அவரும் இல்லாவிட்டால் கடைசியில் அக்காவுக்கு. தானியங்கிக் குரலில் தேர்வுகளை ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்தோம். எந்த நேரத்திலும் 0 அழுத்தினால் மனிதர் வருவார். இந்த அழைப்புப் பாதைகளைத் திருத்தும் அனுமதியையும் அக்காவுக்கே கொடுத்தேன். வலைப்பக்கத்தில் பெயர்களை இழுத்து விடும் வேலைதான், ஒரு மதியத்தில் பிடித்துக்கொண்டார். யாராவது விடுப்பில் போனால் என்னிடம் டிக்கெட் போட்டுக் காத்திருப்பதில்லை, அவரே மாற்றிவிடுகிறார்.

இந்த நேரத்தில் பச்சைப் புள்ளி விவகாரம் கிளம்பியது. பெயருக்குப் பக்கத்தில் பச்சை என்றால் இருக்கிறார், மஞ்சள் என்றால் விலகியிருக்கிறார், சிவப்பு என்றால் பேச்சில் இருக்கிறார். இந்த வசதி நல்ல நோக்கத்தோடு வந்தது: ‘இப்போது அழைத்தால் எடுப்பாரா?’ என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல. ஆனால் சில நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும். அச்சிட்ட வரைபடத்தை மேசையில் விரித்து அளவு சரிபார்ப்பவருக்கும் மஞ்சள்தான். ஒரு மேலாளர் மஞ்சள் நேரத்தைக் கணக்கெடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஒரே வாரத்தில் டிசைன் பிரிவில் எல்லோரும் எப்போதும் பச்சை. யோசித்துக்கொண்டிருந்தவர்கள் நடுநடுவே மவுஸை அசைத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளியில் இருந்த ஒரே பயனும் போயிற்று. அழைத்தால் எடுப்பாரா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

அவரிடம் போய், “சார், இந்தப் புள்ளி வேலையைக் காட்டாது, விசைப்பலகையைத்தான் காட்டும். இதை வைத்துக் கேள்வி கேட்டால் அவர்களும் விசைப்பலகையைத்தான் கவனிப்பார்கள்” என்றேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதும் பச்சையாக இருந்த ஒருவரை அவர் முன்னாலேயே அழைத்துக் காட்டினேன். அவர் எடுக்கவில்லை, கீழே மெஷின் பக்கம் இருந்தார். அப்புறம் மேலாளர் அந்தக் கணக்கெடுப்பை விட்டுவிட்டார். நிலைமை அறிக்கையைப் பார்க்கும் அனுமதியையும் எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டோம், என்னிடமிருந்தும் சேர்த்து. அதற்குப் பதிலாகப் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம்: ‘3 மணி வரை வரைபடம், அவசரம் என்றால் அழைக்கவும்.’ அந்த ஒரு வரி செய்த வேலையை எந்த வண்ணமும் செய்யவில்லை.

சாட்டில் தலைப்புக்கொன்றாக வைக்கும் பேச்சுக் குழுக்களான சேனல்கள் பெருகியதையும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று விட்டிருந்ததால் ஆளுக்கொன்று தொடங்கினார்கள். ஒரு நாள் டிசைன் சேனலில், ஒரு துளையின் விட்டத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு ஓடி முடிவும் ஆகிவிட்டது. மாற்றியவர் ‘சரி’ என்று கட்டைவிரல் குறி போட்டார். கீழே இயந்திரத்தில் நிற்பவர் கையில் இருந்தது இரண்டு நாள் முன்பு மின்னஞ்சலில் வந்த வரைபடத்தின் அச்சு. ஒரு முழுத் தொகுதி தவறான அளவில் வெட்டப்பட்டுவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு விதி போட்டோம், இன்றுவரை அதை மாற்றவில்லை. சாட்டில் பேசலாம், முடிவு எடுக்கலாம். ஆனால் அந்த முடிவு வரைபடப் பதிவேட்டில் ஏறும் வரை முடிவு ஆகாது. பதிவேட்டில் ஏறியதும் சம்பந்தப்பட்ட சேனலுக்குச் சேதி தானாகப் போகும். எதிர்த்திசையில் கிடையாது. மென்பொருள்களை இணைக்கும்போது நம் கவனமெல்லாம் ‘எது எதோடு சேரும்’ என்பதில்தான் இருக்கிறது. ‘இரண்டும் வேறு வேறு சொன்னால் எது செல்லும்’ என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தத் தொகுதி வீணாகியிருக்காது.

அந்தச் சம்பவம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. எல்லோரையும் இணைத்துவிட்டோம் என்று நான் அறிக்கை எழுதியபோது, இயந்திரங்களின் பக்கம் வேலை செய்யும் ஏறத்தாழ பாதிப் பேர் அதில் இல்லவே இல்லை. அவர்களுக்கு அலுவலக மின்னஞ்சல் கிடையாது, மேசை கிடையாது. கையுறை போட்ட கையால் திரையைத் தொட முடியாது. சத்தத்தில் அழைப்பு மணி கேட்காது. ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவதுதான் அவர்களின் தொடர்பு.

அவர்களுடைய சொந்தக் கைபேசியில் செயலியைப் போடச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன், ஷிஃப்ட் முடிந்து தூங்குபவரின் தலைமாட்டில் அலுவலகம் மணியடிக்கக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரிய திரை டேப்லெட்டை, தோள் உயரத்தில், தூசி புகாத உறையில் மாட்டினோம். ஆளுக்கொரு கணக்கு இல்லை, பகுதிக்கு ஒரு கணக்கு. மணிச்சத்தத்துக்குப் பதில் மேலே ஒரு விளக்கு எரியும். ஷிஃப்ட் முடியும்போது தட்டச்சு செய்யத் தேவையில்லை. பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் போய் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்தால் போதும், அடுத்த ஷிஃப்ட் வந்ததும் கேட்டுக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் யாரும் சீந்தவில்லை. மூன்றாவது வாரம் இரவு ஷிஃப்ட்டில் ஒருவர், ஒரு இயந்திரத்தின் அதிர்வு வழக்கத்துக்கு மாறாக இருப்பதை அந்தச் சத்தத்தோடேயே பதிவு செய்து வைத்தார். காலையில் பராமரிப்புக்காரர் அதைக் கேட்டுவிட்டு, பேரிங் உடைவதற்கு முன்பே மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை.

மீட்டிங் அறைகளில் ஒரு சின்ன விஷயம், ஆனால் தினமும் எரிச்சலூட்டுவது. அறையில் ஆறு பேர் இருப்பார்கள், கிளையிலிருந்து இருவர் திரையில். அறையில் இருக்கும் ஆறு பேரும் தங்கள் மடிக்கணினியிலும் சேர்ந்து ஒலியைத் திறந்து வைத்தால், ஒன்றின் ஸ்பீக்கர் ஒலி இன்னொன்றின் மைக்கில் புகுந்து ஊளையிடும். எதிரொலியை நீக்கும் மென்பொருள் தன் ஸ்பீக்கரில் போன ஒலியைத்தான் அறியும், பக்கத்துக் கணினியுடையதை அறியாது. ஆகவே ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர்; மற்றவர்கள் திரைக்காக மட்டும் ஒலியில்லாமல் சேரலாம். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கும்போது இருக்கும் துல்லியம் பேசும்போது ஏன் இல்லை என்று பலர் கேட்டார்கள். அந்த ஹெட்செட்டுகளில் மைக்கைத் திறந்ததும் இணைப்பு அழைப்புக்கான வேறு முறைக்கு மாறி, ஒலியின் தரம் குறைந்துவிடுகிறது. நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசுபவர்களுக்குக் கம்பி வைத்த ஹெட்செட்டே கொடுத்தோம்.

வெளியார் சேரும் வேலை மட்டும் நான் பயந்த அளவுக்கு இல்லை. உலாவியிலேயே நேராகப் பேச வழிதரும் வெப்ஆர்டிசி, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யின் முழுத் தரநிலையாக 2021-ல் ஆவதற்கு முன்பே உலாவிகளில் நிலைத்துவிட்டதால், எதையும் நிறுவாமல் ஒரு இணைப்பைச் சொடுக்கி வாடிக்கையாளர் பேச வந்துவிடுகிறார். விருந்தினர் கணக்குகளுக்குக் காலக்கெடு வைப்பதை மட்டும் மறக்காதீர்கள். முடிந்துபோன ஒரு வேலைக்காகச் சேர்த்த வெளியாள் ஒருவர், எட்டு மாதம் கழித்தும் எங்கள் சேனலில் உட்கார்ந்திருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டேன்.

அடுத்த மாதம் கிளை அலுவலகமும் இந்த அமைப்புக்கு மாறுகிறது. ரவுட்டர் அமைப்பு, யுபிஎஸ், முன்னுரிமை அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. ஆனால் அவற்றைத் தொடுவதற்கு முன்பே, அக்கா போன வாரம் அங்கே கிளம்பிப் போய்விட்டார். கிளையின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். நேற்று மாலை ஒரு படம் அனுப்பியிருந்தார்: புது நோட்டின் நான்கு பக்கங்கள், நீலப் பேனாவில்.